நியமனம் பெறாத தூதர்: பூங்காக்களின் முகமும் கம்பம் பள்ளத்தாக்கின் பென்னிகுயிக்கும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பதைப் போன்ற பெரிய தீம் பார்க் எதுவும் தேனி மாவட்டத்தில் இல்லை. பள்ளி விடுமுறை விட்டால் இங்குள்ள குடும்பங்கள் வைகை அணைப் பூங்காவுக்கும் சுருளி அருவிக்கும் போகின்றன. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் ஏறுகின்றன. பொங்கலை ஒட்டி வேன் பிடித்து லோயர் கேம்ப்பில் உள்ள, பொறியாளர் பென்னிகுயிக்கின் மணிமண்டபத்துக்குப் போய் வருகின்றன. இந்த நான்கு இடங்களையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், சுருளி நீங்கலாக மற்ற மூன்றும் ஒரே தடத்தில் அமைந்திருப்பது தெரியும். அது, மேற்கே பாய்ந்துகொண்டிருந்த பெரியாற்றிலிருந்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிடப்பட்ட தண்ணீரின் தடம்.

மக்கள் கூடிக் களிக்கும் ஓர் இடத்துக்காக வெளியுலகத்தோடு பேசுபவர் யார், அந்தப் பொறுப்பு அவருக்கு எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உலகின் பெரிய பூங்காக்களில் இதற்கென்றே ஒரு பதவி உண்டு. நல்லெண்ணத் தூதர் என்ற பெயரில் ஒருவரை நிர்வாகம் தேர்ந்தெடுக்கும், சீருடை கொடுக்கும், ஊர் ஊராக அனுப்பும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் நடந்தது இதற்கு நேர்மாறானது. இங்கே மக்கள் முதலில் தங்களுக்கான முகத்தைத் தேர்ந்துகொண்டார்கள். மண்டபமும் பூங்காவும் அரசு விழாவும் பிறகு வந்தன. இந்த வரிசைதான் இங்குள்ள நிலைமையின் பலத்துக்கும் அதன் குறைக்கும் ஒருசேரக் காரணம் என்பது என் வாதம்.

சம்பளம் வாங்கிய முகங்கள்

நல்லெண்ணத் தூதர் என்ற ஏற்பாடு பொழுதுபோக்குத் தொழிலில் பிறந்ததல்ல. 1954இல் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யுனிசெப், ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் டேனி கேயைத் தன் முதல் தூதராக்கியது. புகழ்பெற்ற ஒருவரின் முகத்தை ஒரு நல்ல நோக்கத்துக்கு இரவல் வாங்கும் முறை அது. அதன்பின் பல அமைப்புகளும் அதைப் பின்பற்றின.

பூங்காக்களில் இதன் தொடக்கம் 1965. கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டுக்கு அந்த ஆண்டு பத்தாவது பிறந்தநாள். அதுவரை பூங்காவின் முகமாக இருந்தவர் அதை உருவாக்கிய வால்ட் டிஸ்னியே. தொலைக்காட்சியில் வாரந்தோறும் தோன்றியவரும் அவரே, வருகிற தலைவர்களை வரவேற்றவரும் அவரே. பத்தாம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்கு ஊர் ஊராகப் போகச் சொல்லி அழைப்புகள் குவிந்தபோது, எல்லாவற்றுக்கும் அவரால் போக முடியவில்லை. விளம்பரப் பிரிவில் இருந்த ஜாக் லின்ட்குவிஸ்ட் முன்வைத்த யோசனையின்படி, பூங்காவில் வழிகாட்டியாக வேலை பார்த்த ஜூலி ரெய்ம் என்ற இளம்பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஓராண்டு அவர் வெளிநாடுகளுக்குப் பயணம் செய்தார், மேயர்களைச் சந்தித்தார், மருத்துவமனைகளில் குழந்தைகளைப் பார்த்தார். மறு ஆண்டு வேறொரு பெண் வந்தார். 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்தபின் அந்தப் பதவிக்கு மதிப்பு கூடியது. பின்னர் டோக்கியோவிலும் பாரிஸிலும் வந்த டிஸ்னி பூங்காக்களுக்கும் இதே ஏற்பாடு போனது. பெண்களுக்கு மட்டும் என்றிருந்த பதவி காலப்போக்கில் ஆண்களுக்கும் திறந்தது.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர் வெளியிலிருந்து வந்த நட்சத்திரம் அல்லர். பூங்காவின் நடைபாதையில் அன்றாடம் நடந்து, விருந்தினரின் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர். யுனிசெப் புகழை இரவல் வாங்கியது. டிஸ்னிலேண்ட் தன் ஊழியரைப் புகழ்பெற்றவராக்கியது. ஓர் இடத்தைப் பற்றிப் பேச அந்த இடத்தில் வேலை செய்தவருக்கே தகுதி அதிகம் என்ற எண்ணம் அதில் இருந்தது. அது சரியான எண்ணம் என்றே நான் கருதுகிறேன். தேனி மாவட்டத்துக்கும் அது பொருந்தும்.

தமிழ்நாட்டில் இந்தப் பதவிக்கு மிக நெருங்கி வந்தவர் பேசாத ஒருவர். சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. சகோதரர்கள் அமைத்த தங்கக் கடற்கரையில், பல ஆண்டுகளாக ஒருவர் சிலையாக நின்றுவருகிறார். தலைப்பாகை, முறுக்கிய மீசை, அரண்மனைக் காவலரின் உடை. மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார், சிரிக்க மாட்டார். லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் அசையாது நிற்கும் காவலர்களைப் பார்த்துவிட்டு வந்த வி.ஜி.பன்னீர்தாஸின் யோசனை அது என்று சொல்வார்கள். அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு என்ற அறிவிப்பு, வருகிறவர்கள் எல்லாரையும் அவரெதிரே கொண்டுபோய் நிறுத்தியது. கல்லூரி மாணவர்கள் கோமாளித்தனம் செய்வார்கள். பாட்டிமார் கன்னத்தைக் கிள்ளப் போவார்கள். குழந்தைகள் முதலில் பயந்து, பிறகு அருகே வந்து, கடைசியில் அவர் கண்ணிமைக்கிறாரா என்று மூக்குக்கு நேரே நின்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து பள்ளிச் சுற்றுலாவுக்குச் சென்னை போய்வந்த பிள்ளைகள், ஊர் திரும்பியதும் முதலில் சொன்ன கதை பெரும்பாலும் இந்தச் சிலை மனிதரைப் பற்றியதாகவே இருந்தது. ராட்டினங்களின் பெயர் மறந்துபோகும். அவர் மறக்க மாட்டார்.

1995இல் தாம்பரத்தை ஒட்டி நவோதயா அப்பச்சன் தொடங்கிய கிஷ்கிந்தா, மேட்டுப்பாளையத்தின் பிளாக் தண்டர், மதுரை பரவையில் வந்த அதிசயம் ஆகியவை விளம்பரத்துக்குத் திரைப்பட நட்சத்திரங்களையும் பொம்மை முகமூடிகளையும் நம்பின. அவற்றில் எதுவும் அந்தச் சிலை மனிதர் அளவுக்கு மக்கள் மனத்தில் ஒட்டவில்லை. காரணம் கடினமானதன்று. மற்றவை காட்டியது காட்சி. அவர் காட்டியது உழைப்பு. வெயிலில் நின்ற ஒரு மனித உடலின் பொறுமைக்குத்தான் மக்கள் மரியாதை கொடுத்தார்கள்.

திருவிழா மைக்கும் அணைப் பூங்காவும்

தேனி வட்டாரத்தில் டிக்கெட் வாங்கிச் சவாரி ஏறும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவை கோயில் திருவிழாக்கள். அவற்றில் முதன்மையானது வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா. முக்கிளையாகப் பிரியும் அத்திமரக் கம்பத்தை நட்டு, அதற்கு முல்லையாற்றுத் தண்ணீர் மொண்டு ஊற்றி, தீச்சட்டி எடுத்து வேண்டுதல் முடிக்கும் கூட்டம் இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கும். வேண்டுதல் முடிந்தவர்கள் நேரே போவது ராட்டினத் திடலுக்கு. ராட்சத ராட்டினம், கொலம்பஸ், டோரா டோரா, மரணக் கிணறு என்று வரிசை நீளும். ராட்டினம் போடும் உரிமை ஆண்டுதோறும் ஏலத்தில் போகும். அந்த ஏலத் தொகை நாளிதழ்களின் தேனிப் பதிப்பில் செய்தியாக வரும். திருவிழா முடிந்ததும் திடல் வெறுமையாகிவிடும். சாமான்கள் லாரியேறி அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடும்.

இந்தத் திடலின் தூதர் மைக் பிடித்தவர். மரணக் கிணற்றின் மரப்பலகை மேடையில் நின்றுகொண்டு, கீழே மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டிருக்க, வருகிறவர்களை அண்ணே, அக்கா, தம்பி என்று உறவு சொல்லி அழைப்பார். யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது; ஆனால் சட்டையின் நிறத்தைச் சொல்லி ஒருவரை நிறுத்துவார், கையில் பிள்ளை வைத்திருப்பவரிடம் பயப்பட வேண்டாம் என்பார். இக்கலைக்குப் பயிற்சிப் பள்ளி கிடையாது. கேட்டுக் கேட்டே பழகியவர்கள். கூட்டத்தின் நம்பிக்கையை ஒரு குரல் தாங்கி நிற்க முடியும் என்பதற்கு டிஸ்னிலேண்டுக்கு முன்பே நம் திருவிழாக்களில் சான்று இருக்கிறது. அந்தக் குரலுக்கு உரியவரின் பெயரைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை.

நிலையான பூங்கா வந்தது அணையோடு. அணையையும் பூங்காவையும் இணைத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு மைசூரு வழிகாட்டியது. திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில், கிருஷ்ணராஜ சாகர் அணையின் அடிவாரத்தில் 1927க்கும் 1932க்கும் இடையே அமைந்த பிருந்தாவனம், பிறகு எழுந்த அணைகள் பலவற்றுக்கும் முன்மாதிரி ஆனது. ஆண்டிப்பட்டி வட்டத்தில் வைகையின் குறுக்கே கட்டப்பட்ட அணையை 1959 ஜனவரி 21 அன்று முதலமைச்சர் காமராஜர் திறந்துவைத்தார். 111 அடி உயர அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். அதன் கீழே ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த பூங்காவைச் சின்னப் பிருந்தாவனம் என்று அழைத்தார்கள். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சிறு பாலத்தில் நடந்துபோகலாம். மதுரை, திண்டுக்கல், தேனி மக்களுக்கு இரண்டு தலைமுறைகளாக அதுதான் குடும்பச் சுற்றுலா. திரைப்படக் குழுக்களுக்கும் பிடித்த இடம்.

அணைப் பூங்காவைக் கட்டிய பொதுப்பணித் துறை மதகையும் மட்டத்தையும் பார்க்கத் தெரிந்த துறை. வருகிறவரை வரவேற்பது அதன் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் வாசலுக்கு வெளியே இருந்தவர்கள். அணை மீனை மசாலா தடவிக் கண்ணெதிரே பொரித்துத் தரும் பெண்கள், அணையின் மட்டம் இன்று எத்தனை அடி, மதகு எப்போது திறப்பார்கள், எந்தப் பக்கம் நின்றால் அணை முழுதும் தெரியும் என்று கேட்காமலே சொல்வார்கள். பொறியாளர் அலுவலகப் பலகையில் எழுதியிருக்கும் எண்ணைவிட அவர்கள் சொல்லும் எண்ணையே வருகிறவர்கள் நம்பினார்கள்.

தண்ணீர் கொண்டுவந்தவர்

இத்தனை இடங்களுக்கும் பொதுவான ஒரு முகத்தைப் பள்ளத்தாக்கு தேடியபோது கிடைத்தவர் 1911இல் இறந்துபோன ஓர் ஆங்கிலேயப் பொறியாளர்.

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். தந்தை பிரிகேடியர், 1849இல் சிலியன்வாலா போரில் கொல்லப்பட்டார். மகன் இங்கிலாந்தில் படித்து, 1860இல் பொறியாளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை அவருடையதன்று. ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதை ஆராயச் சொன்னவர். 1808இல் கேப்டன் கால்டுவெல் மலையேறிப் பார்த்துவிட்டு, ஆகாத வேலை என்று எழுதினார். 1867இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் போட்டார். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மதுரைச் சீமை கண்ட சாவுகள்தான் அரசைக் கடைசியில் அசைத்தன. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1887இல் வேலை தொடங்கியது. காட்டுக் காய்ச்சலும் காலராவும் ஆட்களைக் கொன்றன. வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது. கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்து எழுப்பிய அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே 1895 அக்டோபரில் தண்ணீர் கிழக்கே விழுந்தது. திறந்துவைத்தவர் கவர்னர் வென்லாக் பிரபு.

அந்தத் தண்ணீர் முதலில் இறங்குவது லோயர் கேம்ப் அருகே. இன்று மலைச்சரிவில் நான்கு பெருங்குழாய்கள் மின்நிலையத்துக்கு இறங்குவதைக் குமுளிச் சாலையிலிருந்தே பார்க்கலாம். திட்டத்தின் நோக்கம் மதுரைப் பக்கத்துச் சமவெளிப் பாசனம். மேலூர் வயல்கள் அதன் கணக்கில் முதலிடம் பெற்றவை. கம்பம் பள்ளத்தாக்கு தண்ணீர் கடந்துபோகும் வழி. ஆயினும் 17 கால்வாய்கள் வழியே 14,707 ஏக்கரில் இங்கே இருபோக நெல் விளைகிறது. ஜூன் மாதம் அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் நாளில் விவசாயிகள் பூத்தூவி வணங்குகிறார்கள். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை நெல்லும் தென்னையும் வாழையும் திராட்சையுமாகக் காணும் பசுமைக்கு அந்தச் சுரங்கம்தான் மூலம். கேரளத்திலிருந்து தேக்கடி பார்க்க வருகிறவர்கள் மலையிறங்கிவந்து படம் எடுத்துக்கொள்ளும் திராட்சைத் தோட்டங்களும் அந்தப் பசுமையில் அடக்கம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பயனில் பெரும்பங்கு மதுரைக்குப் போனபோதும் நன்றியில் பெரும்பங்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஊறியது ஏன்? மேலூர் விவசாயிக்குத் தண்ணீர் வருவது வைகையிலிருந்து, பல மடைகள் கடந்து. கூடலூர் விவசாயி மலையை நிமிர்ந்து பார்த்தால் தண்ணீர் எங்கிருந்து விழுகிறது என்று தெரியும். அணை கட்டப் போன ஆட்கள், வண்டி ஓட்டியவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள் இந்த ஊர்களிலிருந்தும் போனவர்கள். குடும்பக் கதைகளில் அந்த வேலை இருந்தது. டீக்கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மீசை வைத்த வெள்ளைக்காரரின் படம் மாட்டியது யாருடைய உத்தரவினாலும் அன்று. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பாலார்பட்டியில் அவர் பிறந்தநாளில் ஊரே கூடிப் பொங்கல் வைத்தது. அதற்குப் பென்னிகுயிக் பொங்கல் என்றே பெயர். பிறந்தநாள் தைப்பொங்கலை ஒட்டி வந்தது தற்செயல். ஆனால் அறுவடைத் திருநாளில் தண்ணீர் தந்தவரை நினைப்பது இங்கே இயல்பாகப் பொருந்திவிட்டது.

அரசு கைநாட்டு வைத்த நாள்

மாவட்டத்தின் வரலாற்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தேனி 1996இல் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் வெளியுலகத்துக்கு இது மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரம். பண்ணைப்புரத்து இளையராஜாவும் அல்லிநகரத்து பாரதிராஜாவும் வடுகபட்டி வைரமுத்துவும் இந்த மண்ணின் பெயரை எங்கும் கொண்டுபோனார்கள். ஆனால் அவர்கள் தமிழ்த் திரைக்கே சொந்தமானவர்கள். புதிய மாவட்டம் தன்னுடையது என்று தனியே சொல்லிக்கொள்ள ஒரு முகம் வேண்டியிருந்தது.

அதை உறுதிசெய்தது ஒரு மோதல். 2011இன் கடைசி மாதங்களில் முல்லைப் பெரியாறு அணையின் பாதுகாப்பைக் குறித்துக் கேரளத்தில் எழுந்த குரலும் 'டேம் 999' படமும் பள்ளத்தாக்கைக் கொதிக்கவைத்தன. ஆயிரக்கணக்கானோர் குமுளி நோக்கி நடந்தார்கள். அந்த ஊர்வலங்களில் கட்சித் தலைவர்களின் படங்களுக்கு இணையாகத் தூக்கிப் பிடிக்கப்பட்டது பென்னிகுயிக் படம். 2013 ஜனவரி 15 அன்று லோயர் கேம்ப்பில் அவருக்கு எழுந்த மணிமண்டபத்தை முதலமைச்சர் ஜெயலலிதா திறந்துவைத்தார். தேனியின் புதிய பேருந்து நிலையம் அவர் பெயரைப் பெற்றது. பிறந்தநாள் அரசு விழாவானது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்த மட்டத்தை அணை தொட்டபோது இனிப்பு வழங்கிய ஊர்களில் அவர் சிலைக்கும் மாலை விழுந்தது.

மணிமண்டபத்தில் ஜனவரி 15 காலை எப்படியிருக்கும் என்று சொல்வது பொருத்தம். மண்டப வாசலில் அடுப்புக் கூட்டிப் பெண்கள் பொங்கல் வைப்பார்கள். பால் பொங்கியதும் குலவை எழும். சிலையின் காலடியில் நெற்கதிரும் கரும்பும் வாழைப்பழமும் சேரும். அமைச்சரும் ஆட்சியரும் வந்து மாலையிட்டுப் போவார்கள்; அவர்கள் போனபின்புதான் கூட்டம் நிதானமாகச் சிலையருகே வரும். பேரனைத் தூக்கிக் காட்டி, இவர்தான் நமக்குத் தண்ணி கொண்டாந்தவர் என்று சொல்லும் தாத்தாவுக்கு அன்று குறைவிருக்காது. ஈஞ்சம்பாக்கத்தில் உயிருள்ள மனிதரைச் சிலையாகப் பார்த்தார்கள். இங்கே சிலையை உயிருள்ளவராகப் பார்க்கிறார்கள்.

தூது எதிர்த்திசையிலும் போனது. பென்னிகுயிக் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் இங்கிலாந்திலிருந்து தேனிக்கு வந்தபோது, ஊர்கள் மேளம் கொட்டி வரவேற்றன. அவர் இறுதிநாள்களைக் கழித்த கேம்பர்லியில் சிலை நிறுவப்படும் என்று 2022 ஜனவரி 15 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார், அவ்வாண்டு செப்டம்பரில் அது நிறைவேறியது. அந்த ஆங்கிலச் சிறுநகரத்துப் பூங்காவில் நடக்கிறவருக்குக் கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்ல இப்போது ஒரு முகம் நிற்கிறது. ஒரு பூங்காவுக்குத் தூதர் வேண்டும் என்று தொடங்கிய வரலாற்றில், தூதருக்காகவே மண்டபமும் பூங்காவில் சிலையும் எழுந்த நிகழ்வு இது.

தூதரின் எல்லை

நியமித்த தூதரை நிர்வாகம் திருத்தலாம். என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். மக்கள் தேர்ந்த தூதரைச் சுற்றிக் கதைகள் தாமாக வளரும். அணை வேலை பாதியில் நின்றபோது அரசு பணம் தர மறுத்தது, பென்னிகுயிக் மனைவியின் நகைகளையும் இங்கிலாந்துச் சொத்தையும் விற்று வந்து கட்டி முடித்தார் என்ற செய்தியைச் சொல்லாத மேடை தேனியில் இல்லை. இதற்கு ஆவணச் சான்று கிடைத்ததில்லை. திட்டத்தில் உடன் பணியாற்றிய ஏ.டி.மெக்கன்சி 1899இல் எழுதிய பெரியாறு திட்ட வரலாறு, சென்னை மாகாண அரசின் அனுமதியோடும் செலவோடும் நடந்த பொதுப்பணியாகவே அதைக் காட்டுகிறது. ஒருவர் தம் சொத்தைத் தந்தார் என்று சொன்னால்தான் அவரைத் தெய்வமாக வணங்க மனம் ஒப்புகிறது என்பதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் எட்டாண்டு காட்டில் நின்று, வெள்ளம் கொண்டுபோனதைத் திரும்பத் திரும்பக் கட்டிய உண்மைக்கு அந்தக் கதை ஒன்றும் கூட்டவில்லை. அதோடு, உயிரைக் கொடுத்த கூலியாட்களை அது மறைத்தும் விடுகிறது. அணைப் பகுதியில் உள்ள கல்லறைகள் அவர்களையும் நினைக்கச் சொல்கின்றன.

மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு இடம் தேர்ந்தபோது, அங்கிருந்த பழைய கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்று எதிர்ப்புக் கிளம்பியதும் இந்த வகைதான். அது 1912-13இல் கட்டப்பட்டது, அவர் இறந்ததோ 1911இல் என்று அரசு ஆவணத்தோடு விளக்க வேண்டி வந்தது. மக்கள் நேசிக்கும் ஒரு பெயரை எவரும் எடுத்து ஏந்தலாம். அதைக் காக்க நியமிக்கப்பட்டவர் இல்லை.

இதைவிடப் பெரிய எல்லை மலைக்கு அப்பால் இருக்கிறது. நல்லெண்ணத் தூதரின் வேலையே தம்மவரல்லாதவரிடம் போய்ப் பேசுவது. தேக்கடியில் படகேறுகிற லட்சக்கணக்கானோர் பார்க்கும் ஏரி பென்னிகுயிக் கட்டிய அணை தேக்கியது. பட்ட மரங்கள் நீரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதற்கும் அந்த அணையே காரணம். 1970 மே 29 துணை ஒப்பந்தத்தில் குத்தகை நிலத்து மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது; ஏரி தரும் சுற்றுலா வருமானம் கேரளத்துக்கே. அதாவது, கேரளத்தின் மிகப் புகழ்பெற்ற பொழுதுபோக்கிடங்களில் ஒன்றுக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கும் ஒரே மனிதர் காரணம். இரு பக்கத்துக்கும் பொதுவான ஒருவர், 2011க்குப் பிறகு ஒரு பக்கத்தின் உரிமைக் கொடியாக மட்டும் ஆகிப்போனார். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் அணைக்குக் கீழே வாழும் குடும்பங்களின் அச்சம் உண்மையானது. நம் உரிமையும் உண்மையானது. இரண்டையும் தெரிந்த ஒருவர் எதிரே நின்று பேசினால் சிலை செய்ய முடியாத ஒரு வேலை நடக்கும். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு வரும் மலையாளக் குடும்பத்திடம் கொத்தை நீட்டி, தண்ணீர் வந்த கதையை அரைகுறை மலையாளத்தில் சொல்லும் தோட்டக்காரர் அதைத் தம் அளவில் ஏற்கெனவே செய்துவருகிறார்.

எனவே மாவட்ட நிர்வாகத்துக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். வைகை அணைப் பூங்காவிலும் லோயர் கேம்ப் மணிமண்டபத்திலும் சுருளியிலும் உள்ளூர் இளைஞர்களையும் பெண்களையும் வழிகாட்டிகளாக அமர்த்துங்கள். தமிழோடு மலையாளமும் பேசத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். பெரியாறு திட்டத்தின் வரலாற்றை நகை விற்ற கதை இல்லாமல், ஒப்பந்தமும் சுரங்கமும் கூலியாட்களின் கல்லறையும் சேர்த்து அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ஆண்டுக்கு ஒருவரை அவர்களிலிருந்தே தேர்ந்து, ஜனவரி 15 அன்று மணிமண்டபத்தில் அறிமுகப்படுத்துங்கள். இடுக்கி மாவட்டப் பள்ளிகளுக்கும் அவரை அனுப்புங்கள். மாலைக்கும் பந்தலுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.